தவ பூமியில் தேனிலவு

இமயமலையின் அடிவாரம் என்று இங்கே குறிப்பிடப்படுவது உத்தராகண்டின் கார்வால், குமாவுன் பகுதிகள். கங்கை சமவெளியைத் தொடும் ஹரித்வாரை ஒட்டிச் சிவாலிக் குன்றுகள் எழுகின்றன. அவற்றுக்கு வடக்கே 2,000 மீட்டர் வரையும் அதற்கு மேலும் உயரும் நடுமலைகள். அந்த மலைகளை அறுத்துக்கொண்டு இறங்கும் அலகநந்தா, மந்தாகினி, பாகீரதி ஆறுகள். மரபு இந்த நிலத்தைத் தபோபூமி என்றது. கூர்க்கர்களை வென்று 1815இல் இந்த மலைகளைக் கைக்கொண்ட ஆங்கிலேயர், அடுத்த சில பத்தாண்டுகளில் முசூரி, நைனிதால் போன்ற கோடை வாசஸ்தலங்களை எழுப்பினார்கள். இன்று டெஹ்ராடூனில் இறங்கி மலையேறும் புதுமணத் தம்பதியரின் டாக்சிக்கு முன்னால் கேதார யாத்திரிகர்களின் பேருந்து போய்க்கொண்டிருக்கும். சாலை ஒன்றுதான், பயணங்கள் இரண்டு.

இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்ற கேள்வி பல வீடுகளில் எழுவதுண்டு. ஐம்புலன்களை அடக்கப் போகும் இடத்துக்கு, மணவாழ்வின் முதல் இன்பத்தைத் தேடிப் போகலாமா? கேதாரம், பத்ரி எல்லாம் கடமை முடிந்த பிறகு போகிற இடம் என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். மலை எல்லாருக்கும் பொது என்று இளையவர்கள் சொல்லிவிட்டு அறையைப் பதிவு செய்துவிடுவார்கள். முதலாமவர்கள் மரபைப் பாதியாக நினைவில் வைத்திருக்கிறார்கள். இரண்டாமவர்கள் அதைக் கேட்கவே இல்லை. கேட்டால் அது தரும் விடை இரு தரப்புமே எதிர்பாராதது.

முதலில் துறவின் பக்கத்தைக் குறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆதிசங்கரர் வடக்கே நிறுவிய ஜோதிர்மடம் இந்த மலையில் இருக்கிறது. அவர் உடல் நீத்த இடம் கேதாரநாத் என்பது பரவலான நம்பிக்கை. பத்தமடையில் 1887இல் பிறந்து, மலேயாவில் மருத்துவராகப் பணிபுரிந்து, 1924இல் ரிஷிகேசம் வந்து துறவு பூண்ட சுவாமி சிவானந்தரைத் தமிழர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. மகாபாரதத்தின் கடைசியில் பாண்டவர்கள் நாட்டைப் பேரனிடம் விட்டுவிட்டு வடக்கே நடந்தது இந்த மலையை நோக்கித்தான். வழியில் ஒவ்வொருவராக விழுந்தார்கள். இமயத்துக்குப் போவது திரும்பாமல் இருப்பதற்காக என்ற எண்ணம் இத்தகைய கதைகளால் ஊறிப்போனது. தேனிலவுக்குப் போகிறவர்களோ திரும்பி வந்து குடித்தனம் தொடங்குவதற்காகவே போகிறார்கள். சிவன் காமனை எரித்ததும் இங்கேதான். இதற்கு மேல் சான்று வேண்டுமா என்று தோன்றும்.

காமத்துக்கு எதிரான சான்றாகப் பாண்டுவின் கதையையும் காட்டுவதுண்டு. சாபத்தால் இல்லறச் சுகத்தை இழந்த பாண்டு, குந்தியோடும் மாத்ரியோடும் கந்தமாதனத்தைக் கடந்து சதசிருங்க மலையில் தவம் செய்தான். ஒரு வசந்த காலத்தில் தன்னை மறந்து மாத்ரியைத் தழுவியபோது உயிர் போயிற்று. பத்ரிநாத் பாதையிலுள்ள பாண்டுகேஸ்வர் என்ற ஊர் அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் சாபம் எதற்காக வந்தது என்பதைக் கதையைச் சொல்கிறவர்கள் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். மானுருவில் துணையோடு கூடியிருந்த கிந்தமர் என்ற முனிவரைப் பாண்டு அம்பெய்து வீழ்த்தினான். வேட்டையாடியதற்காக முனிவர் அவனைக் குறை சொல்லவில்லை. அது அரசர்களின் வழக்கம் என்று ஒப்புக்கொள்கிறார். கூடல் முடியும்வரை காத்திருக்கவில்லையே என்பதுதான் அவருடைய குற்றச்சாட்டு. காட்டில் தவம் செய்யும் முனிவருக்குத் துணை இருந்தது, துணையோடு தனிமை இருந்தது, அந்தத் தனிமையைக் கலைத்தது மரண தண்டனைக்குரிய பிழையாயிற்று. இன்பத்துக்கு எதிராகச் சொல்லப்படும் கதை, உண்மையில் இருவரின் தனிமைக்கு வேலி கட்டும் கதை.

காமதகனக் கதையும் எரிந்த சாம்பலோடு முடிந்துவிடவில்லை. காளிதாசரின் குமாரசம்பவத்தில் மூன்றாம் சர்க்கத்தில் காமன் எரிகிறான். தன் அழகு பயன்படவில்லை என்று கண்ட பார்வதி ஐந்தாம் சர்க்கத்தில் தவத்தில் இறங்குகிறாள். உதிர்ந்த இலையையும் உண்ணாமல் விட்டதால் அபர்ணா என்ற பெயர் பெறுகிறாள். சிவன் இசைந்த பிறகு, பெண் கேட்டுப் போக ஏழு முனிவர்கள் வருகிறார்கள். அவர்களோடு வசிஷ்டரின் மனைவி அருந்ததியும் வருகிறாள். அவளைக் கண்டதும் இல்லறத்தின்மேல் சிவனுக்கு மதிப்புக் கூடியது என்று காளிதாசர் ஒரு நுட்பமான இடத்தை அமைக்கிறார். யோகியாக இருந்தவர் காமனின் அம்பால் மாறவில்லை. இன்னொரு தம்பதியைப் பார்த்து மாறுகிறார். தமிழ்த் திருமணங்களில் அம்மி மிதித்து அருந்ததி பார்ப்பவர்கள் பார்ப்பது அதே அருந்ததியைத்தான். திருமணம் முடிந்ததும் தேவர்கள் வேண்டிக்கொள்ள, எரிந்த காமன் மீண்டும் பணிசெய்ய அனுமதி பெறுகிறான். ஆக, இமயத்தில் காமன் எரிந்ததும் உண்மை, அதே இமயத்தில் அவன் திரும்பி வந்ததும் உண்மை. இடையில் நடந்தது ஒரு பெண்ணின் தவம்.

எட்டாம் சர்க்கம் முழுக்க அந்தத் தம்பதியின் தேனிலவு என்றே சொல்லலாம். மாமனார் இமவான் வீட்டில் ஒரு மாதம் தங்கிவிட்டுப் பார்வதியோடு சிவன் மலை மலையாகப் பயணம் போகிறார். மேரு, மந்தரம், கைலாசம் என்று நீளும் அந்தப் பயணத்தில் தெற்கே உள்ள மலய மலையும் இருக்கிறது. சந்தன மரங்களை அசைத்து வரும் தென்றல் அங்கே பார்வதியின் களைப்பை ஆற்றுகிறது. இமயத்தில் பிறந்த பெண்ணைத் தேனிலவுக்குத் தெற்கு மலைக்கு அழைத்துவந்தார் என்பதைத் தமிழர்கள் பெருமையாகவே எடுத்துக்கொள்ளலாம். கந்தமாதனத்தில் சூரியன் சாயும் வேளையில் ஒரு சின்னப் பூசல் வருகிறது. சிவன் சந்தியா வழிபாட்டுக்குப் போய்விட, அந்தி என்ற பெண்ணை வணங்கப் போனதாகப் பார்வதி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவர் வந்து சமாதானம் சொல்கிறார். தேனிலவிலும் மாலை வழிபாட்டை அவர் விடவில்லை, அதனால் வந்த கோபத்தை அலட்சியமும் செய்யவில்லை. பக்திக்கும் காதலுக்கும் நேரம் ஒதுக்குவதில் வரும் சிக்கலை இவ்வளவு வீட்டுத்தன்மையோடு சொன்ன காவியம் அரிது.

உலகின் தாய்தந்தையரின் இன்பத்தை இப்படிப் பாடலாமா என்ற சர்ச்சை பின்னர் எழுந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்து ஆனந்தவர்த்தனர், இதில் ஔசித்தியக் குறை, அதாவது தகவின்மை, உண்டு, ஆனால் மகாகவியின் ஆற்றல் அதை மறைத்துவிடுகிறது என்று கருதினார். பதினோராம் நூற்றாண்டின் மம்மடர் இன்னும் கண்டிப்பானவர். பெற்றோரின் கூடலைப் பாடுவது போன்றது என்று ஒதுக்கினார். இருவரின் கண்டனமும் கவிஞர் சொன்ன முறையைப் பற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும். தவ மலையில் அந்த இன்பம் நிகழ்ந்ததே தகாது என்று அந்த வாதத்தில் யாரும் சொல்லவில்லை. அறத்துக்கு மாறுபடாத காமம் தானே என்று கண்ணன் கீதையின் ஏழாம் அத்தியாயத்தில் கூறியிருக்க, அப்படிச் சொல்லவும் முடியாது.

காவியத்தில் உள்ளது மண்ணிலும் உள்ளது. ருத்ரபிரயாக் மாவட்டத்தில், சோன்பிரயாகிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் மலைச்சாலையில் திரியுகிநாராயண் என்ற கிராமம். விஷ்ணு பெண்ணின் சகோதரராக நின்று தாரைவார்க்க, பிரம்மா புரோகிதராக அமர, சிவபார்வதி திருமணம் நடந்த இடம் அது என்பது ஐதீகம். அந்தத் திருமணத்தின் ஓமத் தீ மூன்று யுகங்களாக அணையவில்லை என்ற நம்பிக்கையோடு கோயில் முற்றத்துக் குண்டத்தில் இன்றும் தீ எரிகிறது. வருகிறவர்கள் விறகு இட்டு, சாம்பலை எடுத்துப் போகிறார்கள். கேதார நடைபாதை தொடங்கும் கௌரிகுண்ட், பார்வதி தவம் செய்த இடமாகக் கருதப்படுகிறது. குளிர்காலத்தில் கேதாரநாதருக்கு வழிபாடு நடக்கும் ஊக்கிமட், பாணாசுரன் மகள் உஷைக்கும் அநிருத்தனுக்கும் மணம் நடந்த ஊராகச் சொல்லப்படுகிறது. ஒரே மந்தாகினிப் பள்ளத்தாக்கில் தவத்தின் இடமும் திருமணத்தின் இடமும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். சமோலி மாவட்டத்தின் மண்டல் கிராமத்துக்கு மேலே காட்டுக்குள் அத்ரி முனிவரின் மனைவி அனசூயைக்குக் கோயில் உண்டு. தத்தாத்ரேய ஜயந்தியின்போது குழந்தை வேண்டித் தம்பதியர் அங்கே இரவு தங்குகிறார்கள்.

தமிழ்ப் பக்தி மரபில் இதே கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. கயிலையைக் காண முதுமையில் புறப்பட்ட திருநாவுக்கரசர், கால் தேய்ந்து, கை தேய்ந்து, உருண்டும் ஊர்ந்தும் போன பிறகு, அங்கே ஒரு குளத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழச் சொல்லப்பட்டார் என்கிறது பெரியபுராணம். எழுந்தபோது அவர் கண்ட கயிலைக் காட்சியில் தனியாக அமர்ந்த யோகி இல்லை. பிடியோடு வரும் களிறு, பெடையோடு வரும் சேவல் என்று உயிர்கள் எல்லாம் இணை இணையாக வருகின்றன. அவற்றையே அவர் சிவமும் சக்தியுமாகக் கண்டார். உடலைத் தேய்த்துத் துறவின் எல்லைக்குப் போனவருக்குக் காட்டப்பட்ட கயிலை இதுதான். இதற்குப் பிறகும் தம்பதியாகப் போவது மலைக்கு ஆகாது என்று ஒரு சைவர் சொல்வது கடினம்.

அப்படியானால் மரபு எதைக் குற்றம் என்கிறது? இதற்கு விடை காண மீண்டும் காளிதாசரிடம் போவதே நல்லது. காதலர்களை அவர் அளவுக்குத் தண்டித்த கவிஞரும் குறைவு. மேகதூதத்தின் யட்சன், மனைவிமேல் இருந்த மயக்கத்தில் குபேரன் கொடுத்த பணியில் தவறியதால் ஓராண்டு நாடுகடத்தப்பட்டான் என்பது உரைமரபு. ரகுவம்சத்தின் கடைசி அரசன் அக்னிவர்ணன், காண வந்த குடிமக்களுக்கு முகம் காட்டாமல் சாளரத்தின் வழியே பாதத்தை மட்டும் நீட்டினான்; அந்தக் குலத்தின் காவியம் அவன் நோயோடு முடிகிறது. சகுந்தலையின் நிலை இவற்றிலெல்லாம் கூர்மையானது. கண்வரின் ஆசிரமத்தில் துஷ்யந்தனைக் காந்தர்வ மணம் புரிந்ததற்காக அவள் தண்டிக்கப்படவில்லை. கண்வரே அதை ஏற்றுக்கொள்கிறார். கணவனின் நினைவில் மூழ்கி, வாசலில் வந்து நின்ற துர்வாசரின் குரலைக் கேட்காததால்தான் சாபம் விழுந்தது. மகாபாரதத்தின் பழைய கதையில் இந்தச் சாபம் கிடையாது. காளிதாசர் யோசித்துச் சேர்த்தது.

மூன்று கதைகளிலும் பிழை ஒன்றுதான். இருவர் தங்களுக்குள் மகிழ்ந்தது குற்றமாகவில்லை, மூன்றாமவர் கண்ணுக்குத் தெரியாமல் போனது குற்றமாயிற்று. வீடுபேற்றுக்குத் தனிப் பால் ஒதுக்காத வள்ளுவர் இன்பத்துக்கு 250 குறள் ஒதுக்கினார். ஆனால் இல்லறவியலில் இல்வாழ்க்கை, துணைநலம், மக்கட்பேறு, அன்புடைமை ஆகியவற்றுக்கு அடுத்து விருந்தோம்பலை வைத்தார். துறந்தவரையும் இல்லறத்தான்தான் தாங்குகிறான் என்று மனுவும் வள்ளுவரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். இல்லறம் என்பது இருவரோடு நிற்கும் ஏற்பாடு அல்ல என்பது அவர்கள் கணக்கு. தேனிலவோ இருவரோடு நிற்பதற்காகவே ஒதுக்கப்பட்ட காலம். உரசல் இருப்பது இங்கேதான், இன்பத்துக்கும் தவத்துக்கும் இடையில் இல்லை.

திருமணத்துக்குப் பிந்தைய நாட்களை மரபு எப்படி வகுத்தது என்பதும் பார்க்கத் தக்கது. வீட்டுச் சடங்குகளை வகுக்கும் கிருஹ்ய சூத்திரங்கள் மணமான முதல் மூன்று இரவுகள் உப்பு நீக்கிய உணவோடு, தரையில் படுத்து, பிரம்மசரியம் காக்கச் சொல்கின்றன. அந்தச் சூத்திரக்காரர்களில் ஆபஸ்தம்பர் இருவருக்கும் நடுவே ஒரு கோலை வைக்கச் சொல்கிறார்; அது விசுவாவசு என்ற கந்தர்வனின் அடையாளம். ஆசுவலாயனர் மூன்று இரவு, பன்னிரண்டு இரவு, ஓராண்டு என்று வாய்ப்புத் தருகிறார். இது வைதிகத்தின் இறுக்கம் என்று நினைத்தால், வாத்ஸ்யாயனரின் காமசூத்திரமும் அதே மூன்று இரவை வைத்துத்தான் தொடங்குகிறது. அடுத்த ஏழு நாட்கள் மங்கல நீராட்டு, அலங்காரம், சேர்ந்து உண்பது, கூத்துப் பார்ப்பது, உறவினரை வணங்குவது என்று போகின்றன. அதன் பிறகே தனிமையில், மென்மையாக நெருங்க வேண்டும். அறிமுகமில்லாத பெண்ணை அவசரப்படுத்தினால் அவளுக்கு வெறுப்பே மிஞ்சும் என்று அந்நூல் காரணமும் சொல்கிறது. துறவு பேசும் நூலும் இன்பம் பேசும் நூலும் கூடிச் சொல்வது, அவசரம் வேண்டாம் என்பதை. ஐந்து நாளில் ஏழு ஊர் காட்டும் தேனிலவுத் திட்டங்கள் இரண்டுக்கும் விரோதமானவை.

மலையில் வாழ்ந்த அண்மைக் காலத்தவர்களிடமும் துறவும் இல்லறமும் இவ்வளவு தூரம் பிரிந்திருக்கவில்லை. ராணுவப் பொறியியல் துறையில் கணக்கராக இருந்த லாஹிரி மகாசயர் 1861இல் ராணிகேத்துக்கு மாற்றலாகி, அருகிலுள்ள துரோணகிரியில் பாபாஜி என்ற குருவிடம் தீட்சை பெற்றார் என்றும், வீடு திரும்பி இல்லறத்தானாகவே இருக்கும்படி குரு பணித்தார் என்றும் யோகானந்தர் தம் சுயசரிதையில் எழுதுகிறார். லோஹாகாட் அருகே மாயாவதியில் 1899இல் தொடங்கிய அத்வைத ஆசிரமத்தை விவேகானந்தருக்காக உருவாக்கியவர்கள் சேவியர் தம்பதி என்ற ஆங்கிலேயக் கணவன் மனைவி. உருவ வழிபாடே இல்லாத, இரண்டற்றதைத் தியானிக்கும் இடத்தை இருவர் சேர்ந்து கட்டினார்கள் என்பது சுவையானது. அடுத்த ஆண்டே கணவர் இறந்தார். மனைவி அங்கேயே பல ஆண்டுகள் தொண்டு செய்தார். இதற்கு மாறாகக் கௌசானி: 1929இல் காந்தி அங்கே தங்கி, தம் கீதை மொழிபெயர்ப்பான அநாசக்தி யோகத்துக்கு முன்னுரை எழுதினார். 1906 முதல் பிரம்மசரியம் காத்தவர் பற்றின்மையைப் பற்றி எழுதிய ஊர் இன்று தேனிலவுப் பட்டியல்களில் முன்வரிசையில் இருக்கிறது. காந்தியின் தெளிவு வேறு, அந்த ஊருக்கு வரும் தம்பதியரின் தேவை வேறு. இரண்டுக்கும் திரிசூல், நந்தாதேவிச் சிகரங்கள் தெரியும் அதே முற்றம் போதுமானதாக இருக்கிறது.

இதுவரை சொன்னது நூல்களும் வெளியிலிருந்து வந்தவர்களும் கண்ட மலை. மலைமக்களுக்கு இமயம் தவ பூமியும் அல்ல, கேளிக்கை இடமும் அல்ல. அது ஒரு பெண்ணின் புகுந்த வீடு. நந்தாதேவி அவர்களுக்கு வீட்டு மகள். அவளைத் தாய்வீட்டிலிருந்து கைலாசத்தில் உள்ள கணவன் வீட்டுக்கு அனுப்பிவைக்கும் நந்தாதேவி ராஜ ஜாத் யாத்திரை, 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்ற வழக்கில், நௌட்டி கிராமத்தில் தொடங்கி ஹோம்குண்டைத் தொட்டு ஏறக்குறைய 280 கிலோமீட்டர் நடக்கிறது; 2014இலும் நடந்தது. முன்னால் நான்கு கொம்புள்ள செம்மறிக் கடா ஒன்று சீர்வரிசையைச் சுமந்து போகும். முடிவில் அதை மலைக்குள் விட்டுவிடுவார்கள். வழியெங்கும் பெண்கள் பாடி அழுவது தெய்வத்துக்காக மட்டும் அல்ல. பனி சூழ்ந்த, உறவில்லாத ஊருக்குப் போகும் ஒவ்வொரு மகளுக்காகவும்தான். தேனிலவைப் பற்றி எழுதப்படும் எதிலும் இந்தக் கோணம் வருவதில்லை. பெண் பிறந்த வீட்டைப் பிரிந்து சில நாட்களே ஆகியிருக்கும். அந்தப் பிரிவின் துயரத்தையும் அவள் கூடவே எடுத்துக்கொண்டு மலையேறுகிறாள். அதைக் கண்டுகொள்ளாத கணவன், அருகில் இருந்தும் துர்வாசரின் குரலைக் கேட்காத சகுந்தலையைப் போன்றவன்தான்.

மணமான பெண்ணின் முதல் சடங்குகளில் ஒன்று இங்கே ஊற்று வழிபாடு. புகுந்த ஊரின் தாராவையோ நௌலாவையோ, அதாவது ஊற்றுநீர்த் துறையையோ கல்லால் கட்டிய ஊற்றுக் கிணற்றையோ பூசித்து முதல் குடம் நீர் எடுத்து வருவாள். 1995இல் குவால்தமில் கல்யாண் சிங் ராவத் என்ற ஆசிரியர் தொடங்கிய மைதி இயக்கம் இதோடு இன்னொன்றைச் சேர்த்தது: மணமக்கள் பெண்ணின் பிறந்த ஊரில் ஒரு மரக்கன்று நட, அவள் தோழியர் அதை வளர்ப்பார்கள். அவருக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மலைக்காரர்களின் மணவாழ்வு ஒரு நீர்நிலையோடும் ஒரு மரத்தோடும் தொடங்குகிறது. சுற்றுலாத் தம்பதியரின் மணவாழ்வு இருபத்துநான்கு மணி நேர வெந்நீரோடு தொடங்குகிறது. அந்த நீர் வருவது அதே ஊற்றுகளிலிருந்துதான். அவற்றில் பல வற்றிவருகின்றன.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதையெல்லாம் மனத்தில் கொள்வது நல்லது. சார் தாம் எனப்படும் நான்கு தலங்களின் யாத்திரைப் பாதையில் பெரிய நிறுத்தங்கள் அமைதிக்கு உரியவை அல்ல. கோயில்கள் திறந்திருக்கும் மாதங்களில் அங்கே அறை கிடைப்பதே பாடு. திரியுகிநாராயணில் திருமணம் செய்துகொள்வது இப்போது பரவிவிட்டது. 2023 டிசம்பரில் டெஹ்ராடூன் முதலீட்டாளர் மாநாட்டில் பிரதமர் செல்வந்தர்களை உத்தராகண்டில் திருமணம் நடத்த அழைத்த பிறகு ஆர்வம் மேலும் கூடியது. ஒரு கிராமத்துக் கோயில் முற்றம் எத்தனை திருமணங்களைத் தாங்கும் என்று யாராவது கணக்கிட வேண்டும். ஒரு விறகு இட்டுச் சாம்பல் எடுத்துவரப் போகும் தம்பதியரால் அந்த ஊருக்குத் தொல்லை இல்லை. சடங்கில்லாத அமைதி வேண்டுவோருக்கு லான்ஸ்டவுன் பொருத்தம். கார்வால் ரைஃபிள்ஸ் படையின் தலைமையிடமாக 1887இல் தொடங்கிய சுமார் 1,700 மீட்டர் உயரப் பாசறை நகரம். ராணுவக் கட்டுப்பாட்டால் அளவுக்கு மீறி வளரவில்லை. அதற்கு ஏறும் வழியில் கோட்துவார் அருகே மாலினி ஆற்றங்கரையில் கண்வாசிரமம் என்று காட்டப்படும் இடம் இருக்கிறது. சகுந்தலையின் கதையை அறிந்த தம்பதியர் அங்கே ஒரு காலைப்பொழுதைக் கழிக்கலாம். குமாவுன் பக்கத்தில் தேவதாரு மரங்களுக்கு நடுவே நூற்றுக்கும் மேற்பட்ட சிறு கோயில்கள் கொண்ட ஜாகேஸ்வரும், ஓக் காடு நிறைந்த பின்ஸர் சரணாலயமும் அருகருகே உள்ளன. ரிஷிகேசத்திலிருந்து பத்ரி சாலையில் சுமார் 25 கிலோமீட்டரில் வசிஷ்ட குகை. தம்பதியாக வாழ்ந்த முனிவரின் பெயரால் வழங்கும் அந்தக் குகையில் இருவரும் சேர்ந்து அரை மணி நேரம் பேசாமல் உட்காரலாம்.

ஆசிரமங்களில் தங்குவது வேறு விஷயம். விடியற்காலை மணி, குறித்த நேர உணவு, சில இடங்களில் ஆண் பெண் தனித்தனி இடம் என்ற விதிகளை ஏற்கிறவர்கள் மட்டுமே போக வேண்டும். மலிவு என்பதற்காகப் போவது ஆசிரமத்துக்கும் தம்பதிக்கும் துன்பம். ரிஷிகேசத்தில் மதுவும் இறைச்சியும் தடைசெய்யப்பட்டவை. அதைச் சுற்றிக்கொண்டு போக வழிதேடுவதைவிட வேறு ஊருக்குப் போவது நேர்மை. கிராமத்து வீடுகளில் தங்கும் ஹோம்ஸ்டே முறை குமாவுனிலும் கார்வாலிலும் நன்றாக வளர்ந்திருக்கிறது. அங்கே வீட்டுக்காரப் பெண் மடுவா எனும் கேழ்வரகு ரொட்டியும் பட் எனும் கருஞ்சோயாப் பருப்பும் சமைத்து வைத்துவிட்டுக் காத்திருப்பாள். சொன்ன நேரத்துக்கு வந்து சாப்பிடுவதும், சமைத்தவளோடு நாலு வார்த்தை பேசுவதும் விருந்தினரின் பங்கு. அமைதி தேடி வந்தவர்கள் மலைக்கு இரைச்சலைக் கொண்டுவராமல் இருப்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஒலிபெருக்கியோடு ஆற்றங்கரைக் கூடாரங்களில் நடக்கும் கொண்டாட்டங்களைக் கண்டவர்களுக்கு அதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மலையின் உறுதியைப் பற்றிய பழைய நம்பிக்கையையும் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2013 ஜூன் வெள்ளத்தில் கேதாரப் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கானவர்கள் மடிந்தார்கள். கௌரிகுண்டின் வெந்நீர் ஊற்றும் சிதைந்தது. 2021 பிப்ரவரியில் சமோலியில் பாறையும் பனியும் சரிந்து நீர்மின் திட்டங்களை அடித்துச் சென்றன. 2023 ஜனவரியில் ஜோதிர்மடம் அமைந்த ஜோஷிமட்டில் வீடுகள் விரிசல்விட்டு மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். இமயம் புவியியல் கணக்கில் இளைய மலை, இன்னும் எழுந்துகொண்டிருப்பது. ஆற்றுப் படுகையை ஒட்டிக் கட்டிய பளபளப்பான விடுதியைவிட, பழைய கிராமங்கள் அமைந்திருக்கும் மேட்டில் உள்ள எளிய வீடு பாதுகாப்பானது. ஊர்க்காரர்கள் எங்கே வீடு கட்டவில்லை என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

காலத்தைத் தமிழ் மாதக் கணக்கில் சொல்லிவிடலாம். வைகாசி, ஆனியில் மணம் முடிப்பவர்கள் யாத்திரைக் கூட்டத்தின் உச்சத்தில் போய்ச் சேர்வார்கள். குமாவுனின் உள்ளூர்கள் அப்போது சற்றுத் தேவலை. ஆவணித் திருமணம் என்றால் மலையில் மழையும் நிலச்சரிவும். பயணத்தைத் தள்ளிப்போடுவதே அறிவு. தை மாதத்தில் உயரமான ஊர்களில் பனி பெய்யும், குளிர் தாங்குபவர்களுக்கு அதுவும் அழகுதான். பங்குனியில் புராஞ்ச் என்று அங்கே வழங்கும் ரோடோடென்ட்ரான் மரங்கள் சிவப்பாகப் பூத்திருக்கும், கூட்டம் இருக்காது. வானம் தெளிந்து சிகரங்கள் முழுதும் தெரிவது ஐப்பசி, கார்த்திகையில். ஆவணியில் மணமானவர்கள் ஐப்பசி வரை பொறுத்துப் போகட்டும்; ஆசுவலாயனர் சொன்ன ஓராண்டோடு ஒப்பிட்டால் அது ஒன்றும் பெரிய காத்திருப்பு இல்லை.